சுண்ணாம்பில் வெந்த சோளம்

மக்காச்சோள ரொட்டி கல்லில் உப்பி எழும்போது ஒரு வாசம் வரும். புதிதாகச் சுண்ணாம்படித்த சுவரில் மழைச் சாரல் பட்டால் வருகிற வாசம் அதில் பாதி. வறுத்த தானியத்தின் வாசம் பாதி. பரமத்தி வேலூரில் நாமக்கல் பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே, காலை ஆறு மணிக்கே அந்த வாசம் தெருவுக்கு வந்துவிடும். ரொட்டியின் மேல் ஒரு ஆப்பாயில். அதன்மேல் சுட்ட தக்காளியும் வரமிளகாயும் சேர்த்து அரைத்த சட்டினி. ஓரத்தில் மசித்த மொச்சையும் எலுமிச்சை பிழிந்த பச்சை வெங்காயமும். அலுமினியத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "ஆறிப்போனா அட்டையாட்டம் ஆயிரும். சூட்டோட தின்னுட்டு பஸ் ஏறு சாமி" என்பார் சின்னம்மா. எழுபதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லில் ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. பள்ளிக்குப் பக்கத்துப் பால்வாடியில் அவளை விடுவதற்காக இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். ஏழு இருபது பஸ்ஸுக்கு முன்னால் சின்னம்மா கடையில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். மஞ்சள் கரு அவளுக்கு, மற்றதெல்லாம் எனக்கு.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பிள்ளைகள் இல்லை. கணவர் போன பிறகு சேலத்துப் பக்கம் ஒரு ஆலையை நிறுவ வந்திருந்த வெளிநாட்டு என்ஜினியர் வீட்டில் நாலு வருஷம் சமையல் வேலை பார்த்தார். அந்தத் துரை எந்த நாட்டுக்காரர் என்பது சின்னம்மாவுக்குக் கடைசிவரை சரியாகத் தெரியாது. துரைசாணி மெக்சிகோ நாட்டுக்காரி என்பது மட்டும் தெரியும். அந்த அம்மாளுக்கு இட்லியும் இறங்கவில்லை, ரொட்டித் துண்டும் இறங்கவில்லை. ஒரு நாள் அவரே அடுப்படிக்கு வந்து, சந்தையில் வாங்கிய மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, மறுநாள் வரை ஊறவிட்டு, தோல் கழன்று வரும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஆட்டுக்கல்லில் அரைத்துக் காட்டினாராம். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. கையைப் பார்த்தே கற்றுக்கொண்டேன் என்பார் சின்னம்மா. சுண்ணாம்பில் வேகாத சோளமாவு ரொட்டியாகச் சேராது, விண்டு உதிர்ந்துவிடும் என்பதை எனக்கும் கையாலேயே காட்டியிருக்கிறார்.

துரை குடும்பம் ஊருக்குத் திரும்பியதும் சின்னம்மா வேலூருக்கு வந்து அந்தக் கடையைப் போட்டார். பெயர்ப்பலகை கிடையாது. மெக்சிகோ கடை என்று லாரிக்காரர்கள்தான் பெயர் வைத்தார்கள். "மெக்சிகோ எங்கீங்கக்கா இருக்குது?" என்று யாராவது கேட்பார்கள். "நாமக்கல் தாண்டி, சேலம் தாண்டி, அப்புறம் ரெண்டு கடல் தாண்டோணும். நேர் பஸ் இல்லீங்க" என்பார். வெற்றிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், சந்தைக்கு வாழைத்தார் இறக்க வருகிறவர்கள், என்னைப் போல பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் அங்கே ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு பெஞ்சுதான். உட்கார இடம் இல்லாதவர்கள் தட்டை ஏந்திக்கொண்டு புளியமரத்தடியில் நின்று தின்றார்கள்.

எதிர்ச் சாரியில் ஒரு பழைய ஓட்டல். அதன் முதலாளியைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளி என்றுதான் ஊரே சொல்லும். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை, எந்நேரமும் வாயில் வெற்றிலை. சின்னம்மா கடை வந்த ஆறாவது மாதம் அவர் கடையில் இட்லி பத்து மணிவரை மிஞ்சத் தொடங்கியது.

ஒரு காலையில் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு நேராகச் சின்னம்மாவின் அடுப்படிக்குள் வந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனம்மிணி, அந்தக் குண்டாவுல என்ன?"

"மக்காச்சோளமுங்க."

"கூட என்ன போட்டிருக்கற?"

சின்னம்மாவுக்குப் பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. "சுண்ணாம்புங்க" என்றார்.

"கேட்டுக்குங்க சாமிகளா. செவுத்துக்கு அடிக்கற சுண்ணாம்புல கோழித் தீனிய வேகவச்சு, மேல முட்டைய ஊத்தி மறைச்சுத் தரா. உங்க குடல் வெள்ளையடிச்சாப்பல இருக்கும்."

பிறகு குண்டாவைத் தெருவரைக்கும் தூக்கிவந்து காலால் சாய்த்தார். மஞ்சள் சோளம் தார் ரோட்டில் பரவியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடிவந்து கொத்தத் தொடங்கின. அதைப் பார்த்துத்தான் கூட்டம் சிரித்தது. முதல் நாள் மூன்று ரொட்டி தின்ற லாரி டிரைவர் சிரித்தார். வெற்றிலை விளையும் ஊர் அது. அங்கே நின்ற அத்தனை பேர் வாயிலும் வெற்றிலை இருந்தது, ஒவ்வொரு வெற்றிலையிலும் சுண்ணாம்பு இருந்தது. விரல் நுனியில் சுண்ணாம்புக் கறையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்க வேண்டும். படித்தவள், டீச்சர், நான் சொன்னால் நாலு பேராவது கேட்டிருப்பார்கள். என் பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

சின்னம்மா அன்றே கடையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். வாழப்பாடியில் ஒரு மாணவியர் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தார் என்று பிறகு தெரிந்தது. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். அந்தக் காலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு காய்ச்சலில் போய்விட்டார். சாவுக்கு நான் போகும்போது எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்த முதலாளியின்மேல் எனக்குள் ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. அவர் ஓட்டலை விற்றார் என்று கேட்டபோது மகிழ்ந்தேன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை போட்டுச் செழித்துவிட்டார் என்று கேட்டபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. லாரி லாரியாக மக்காச்சோளம் அவர் பண்ணையில் இறங்குகிறது என்று யாரோ சாதாரணமாகச் சொன்னார்கள். அந்த இடத்தில் சிரிக்க எனக்கு ஒரு கூட்டம் கிடைக்கவில்லை.

மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய வருஷம் தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். பையன் என்ஜினியரிங் படித்தவர், ஒரே மகன், சொந்தப் பண்ணை. தகப்பனார் யார் என்று கேட்டேன். தரகர் சொன்னதும் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் வடக்கே வேலையில் இருந்தார், நானும் சொன்னதில்லை. "வரச் சொல்லுங்க" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போதே என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பார்க்க வரும்போது காபியோடு சரி. பேச்சு முடிந்து, முதன்முதலாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் அது வாக்கு. அதற்கப்புறம் பாதியில் எழுந்தால் எழுந்தவர்களுக்குத்தான் அவமானம். நான் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். இடையில் பெண் பார்க்க வந்தார்கள், போனார்கள். பையனின் போட்டோவை மகள் தன் காமர்ஸ் புத்தகத்துக்குள் வைத்திருந்ததைப் பார்த்தேன். புத்தகத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் ஆசைப்படுகிறாள் என்பது தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கை நனைக்கிற நாளன்று காலையில் மூன்று பேர் வந்தார்கள். முதலாளி, அவர் மனைவி, பையன். முதலாளிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பதினாறு வருஷத்துக்குப் பிறகு நான் சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைத்திருந்தேன். வாழை இலையில் ரொட்டி, மேலே ஆப்பாயில், சட்டினி, மொச்சை, வெங்காயம். ஒன்று குறையாமல் வைத்தேன். அவர் ரசித்துச் சாப்பிட்டார். இரண்டாவது ரொட்டி பாதி போனதும் அவர் மனைவி, "இது என்னங்க மாவு, புதுசா இருக்குது?" என்று கேட்டார்.

"மக்காச்சோளமுங்க" என்றேன். "சுண்ணாம்புல வேகவச்சதுங்க. உங்க பண்ணைக் கோழி திங்கறதேதானுங்க."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு அசையாமல் நின்றது. நான் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் பதினாறு வருஷம். அவர் சத்தமாகச் சிரித்தார்.

"அட, கோழித் தீனியா? இத்தன ருசியா இருக்குமுன்னு தெரிஞ்சிருந்தா கோழிக்குப் போட்டிருக்க மாட்டேனுங்க சம்பந்தி. இன்னொண்ணு வைங்க."

அவருக்கு நினைவே இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடை, குண்டா, ரோட்டில் கொட்டியது, கோழிகள், சிரிப்பு, வாழப்பாடி, சாவு. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்படி ஒரு கடை இருந்துதுங்களா? எத்தனையோ பேரோட தகராறு பண்ணியிருக்கறன். வயசு அப்படி. எதுன்னு நெனப்பு வெச்சுக்கறது" என்றார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். பையன் இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார். எழுந்து போகிறவர்களாக யாரும் இல்லை. போகும்போதே சொல்லிவிட்டுப் போனார்கள்: எங்கள் வாக்கில் மாற்றமில்லை, நீங்கள் நாள் பாருங்கள்.

அவர்கள் போனபின் மத்தியானம் மகளும் நானும் பாத்திரம் கழுவினோம். அவள் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அப்ப நீ எங்கம்மா இருந்தே?" என்றாள்.

முதலாளியிடம் சொன்ன கதையில் நான் என்னைச் சேர்த்திருக்கவில்லை. அவளிடம் சொன்னேன். பெஞ்சு, பஸ், ஏறியது.

"நானும் இருந்தேனா?"

"என் இடுப்புல இருந்தே."

கையிலிருந்த தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு, "சரி. நாள் பாக்கச் சொல்லு" என்றாள். பையன்மேல் உள்ள ஆசை என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை தங்கமானவர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாலு மாதம் ஆகிறது.

போன வாரம் அவளிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. பேசுகிற மாதிரியேதான் எழுதுவாள். மாமனார் அவளுக்கு மாமா, என் சின்னம்மா அவளுக்குச் சின்னம்மாயி. "மாமாவுக்குக் காலைல நான்தான் பலகாரம் வைக்கறேன். தினமும் அந்த ரொட்டிதான். வைக்கும்போது, 'வேலூர் மெக்சிகோ கடை ரொட்டிங்க மாமா, எங்க சின்னம்மாயி சுட்டது' அப்படின்னு சொல்லித்தான் வைக்கறேன். மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் ஒரு நாள், எத்தன தடவதான் சொல்லுவ நீன்னு கேட்டாரு. உங்களுக்கு நெனப்பு வர்ற வரைக்குமுங்க மாமான்னு சொன்னேன். இப்பெல்லாம் கிள்ளிக் கிள்ளி வச்சுட்டு எந்திரிச்சுடறாரு. இளைச்சுட்டாரு. அத்தை ஒண்ணும் கேக்கறதில்ல. நேத்து அவராவே வாயத் தொறந்தாரு. 'இடுப்புல புள்ளையோட ஒருத்தி பஸ் ஏறுனா. பஸ் போனதுக்கப்புறம் அந்த ரொட்டிக்கடைக்காரம்மா என் கடைக்குள்ள வந்துச்சு. கையக் கழுவிட்டு உக்காந்து, இலை போடச் சொல்லுச்சு.' அதோட நிறுத்திட்டாரு. இன்னைக்கும் ரொட்டிதான் வச்சேன். நீ கவலைப்படாதே."

கவலைப்படாமல் எப்படி இருப்பது. இருபது வயதுப் பெண். அந்த வீட்டில் அவளுக்கு அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளைக்கு இது தெரியுமா, தெரிந்தால் எத்தனை நாள் பொறுப்பார்? அந்த வயதான மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி யார்மேல் வரும்? நான் மூட்டியதை அவள் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறாள், என்னைவிட நிதானமாக, என்னைவிடப் பொறுமையாக. பதில் எழுத உட்கார்ந்தேன். 'போதும் சாமி, இதோடு நிறுத்திவிடு. போன இடத்தில் நல்லபடியாக இரு' என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு நாள் மேஜைமேலேயே வைத்திருந்தேன். பஸ் ஜன்னலுக்கு அப்பால் எனக்குத் தெரியாமல் நடந்தது அந்த ஒரு மனிதரிடம் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை அந்த வரியை அடித்தேன். அதற்குக் கீழே, 'இலை போட்டாரா என்று கேள்' என்று எழுதி, பள்ளிக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.