நான் சரி போட்ட கொப்பி

எல்லாப் பாடத்திலும் பிள்ளைகளை எழுத வைப்பது எப்படி என்று பேசக் கூப்பிட்டால் இப்போதும் போய்ப் பேசுகிறேன். வாய் கிழியப் பேசுவேன். கை தட்டுவார்கள். மாதிரிக்குப் பிள்ளைகள் எழுதிய நாலைந்து கொப்பி கொண்டுபோவேன். ஒரு கொப்பியை மட்டும் கொண்டுபோவதில்லை. அது என் வீட்டு அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது.

பசறைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நான் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் கொட்டாவியைக்கூட விழுங்கிக்கொள்வார்கள். அதை ஒரு பெருமையாகவே வைத்துக்கொண்டிருந்தேன். 'டீச்சர்னா அப்பிடித்தான் இருக்கணும்' என்று பெற்றோரும் சொல்வார்கள். கேட்க எனக்கு உச்சி குளிரும்.

சில வருடங்களுக்கு முன்பு பதுளையில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. எல்லாப் பாட ஆசிரியர்களும் போனோம். பயிற்சி கொடுக்க வந்திருந்த வளவாளர் சொன்னார்: எழுதுவதைத் தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கணிதமோ விஞ்ஞானமோ வரலாறோ, பாடம் முடியும்போது ஐந்து நிமிடம் கொடுங்கள். இன்றைக்கு என்ன விளங்கியது, என்ன விளங்கவில்லை என்று பிள்ளை தன் சொந்தப் பேச்சிலேயே எழுதட்டும். எழுதும்போதுதான் தனக்கு எது தெரியாது என்பதே அதற்குத் தெரியவரும். நீங்கள் அதை வாசித்துவிட்டு, மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் இருந்த விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்கள் சேரிடம், "கணக்குல என்னத்த சேர் எழுதுறது? ரெண்டும் ரெண்டும் நாலு, அதனால எனக்கு ரொம்ப சந்தோசம்னா?" என்று கிசுகிசுத்தேன். அவர் சிரிப்பை அடக்க இருமித் தொலைத்தார்.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, செய்து பார்த்தேன். பத்தாம் தர வகுப்புக்கு ஆளுக்கொரு சின்னக் கொப்பி. முதல் இரண்டு வாரமும் நாற்பத்திரண்டு கொப்பியையும் வரி விடாமல் வாசித்தேன். ஐயோ, என்ன வெட்கக்கேடு! பின்னம் எல்லோருக்கும் தண்ணிபட்ட பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'கீழ இருக்கிற எண் பெருசானா பின்னம் ஏன் சின்னதாகுது?' என்று பாதி வகுப்பு எழுதியிருந்தது. மறுநாள் வீட்டிலிருந்து ரொட்டி சுட்டுக்கொண்டு போய்ப் பிய்த்துக் காட்டினேன். நாலு பேருக்குப் பிய்த்த துண்டையும் எட்டுப் பேருக்குப் பிய்த்த துண்டையும் பார்த்ததும் வகுப்பே கலகலவென்றாகிவிட்டது. பாடசாலை அதிபர் கேள்விப்பட்டு, இனி எல்லாப் பாடத்துக்கும் இந்தக் கொப்பி வேண்டும் என்று சொல்லிவிட்டார். விஞ்ஞான சேர் பரிசோதனைக்கு முன்னால் 'என்ன நடக்கும்னு நினைக்கிற?' என்று எழுதச் சொன்னார். வரலாற்று டீச்சரும் சமய டீச்சரும்கூட ஆரம்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் பேர் எனக்கு.

மூன்றாம் வாரம் எனக்கு அலுத்துவிட்டது. அதுதான் உண்மை, வேறு சாக்குச் சொல்ல மாட்டேன். கொப்பியை வாங்குவதை நிறுத்தவில்லை, வாசிப்பதைத்தான் நிறுத்தினேன். ஒரு சரி, ஒரு கையெழுத்து, திகதி. அதிபர் பார்த்தாலும் பெற்றோர் பார்த்தாலும் தேடுவது அந்தச் சிவப்புப் பேனையைத்தானே. இடைவேளையில் இடது கையில் வடை, வலது கையில் பேனை, வாயில் ஊர்க்கதை. வடை ஆறுவதற்குள் நாற்பத்திரண்டும் முடிந்துவிடும்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். இரண்டாம் வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி. பதினோராம் தரம் முடிந்து சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். பெறுபேறு வந்தபோது எல்லாப் பாடமும் சித்தி, கணிதம் மட்டும் டபிள்யூ. அதாவது ஃபெயில். உயர்தரம் படித்து ஆசிரியை ஆக வேண்டும் என்று தமிழ் டீச்சரிடம் சொல்லியிருந்தாளாம். ஆசிரியர் ஓய்வறையில் எல்லோருக்கும் முன்னால் நான் சொன்னேன்: "அக்கற இல்லாத புள்ள. நான் தலகீழா நின்னு தண்ணி குடிச்சாச்சு." இப்படித்தான் சொன்னேன். அந்த வார்த்தை இன்றைக்கும் நாக்கில் கசக்கிறது.

அதே மாதம்தான் மற்றப் பாடசாலை ஆசிரியர்களுக்குப் பேசும்படி எனக்கு முதல் அழைப்பு வந்தது. தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் எழுதி முடித்த பழைய கொப்பிகளை வாங்கிப் பத்திரமாகக் கட்டி வைத்திருந்தேன். அழகான கையெழுத்தாக ஒன்றை எடுத்துக் காட்டலாம் என்று தேடினால் அவளுடையது வந்தது. பாடசாலை விட்ட பிறகு வெறும் வகுப்பில் உட்கார்ந்து, காட்டுவதற்கு நாலு பக்கம் தெரிவு செய்யலாம் என்று திறந்தேன். அன்றைக்குத்தான் அதை முதன்முதலாக ஒழுங்காக வாசித்தேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு பக்கம்: 'கூட்டல் ஐந்து மறுபக்கம் போனா ஏன் கழித்தல் ஐந்தாகுது? போற வழியில அதுக்கு என்ன நடக்குது டீச்சர்?' என்ன அருமையான கேள்வி! பக்கம் மாறினால் குறி மாறும் என்று நான் ஏன் எதற்கு என்று சொல்லாமல் ஒப்புவிக்க வைத்ததை அப்படியே பிடித்துவிட்டாள். கீழே என் சரி, என் கையெழுத்து.

இரண்டு நாள் கழித்து: 'அன்னைக்குக் கேட்டது தெரியல. அதனால நானே ஒண்ணு வச்சுக்கிட்டேன். எந்த எண் மறுபக்கம் போனாலும் கழிக்கணும். மூன்று எக்ஸ் சமன் பன்னிரண்டுன்னா, பன்னிரண்டுல மூணு கழிச்சு எக்ஸ் ஒன்பது. சரியா டீச்சர்?' பிழை. பன்னிரண்டை மூன்றால் வகுக்க வேண்டும், விடை நாலு. ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சரியா என்று கேட்டிருக்கிறாள். நான் சரி என்று போட்டிருக்கிறேன். சிவப்புப் பேனையால், பெரிதாக.

அடுத்த பக்கம்: 'டீச்சர், பலகையில நாலுன்னு போட்டீங்க. எனக்கு ஒன்பது வருது. நேத்து ஒன்பதுக்குச் சரி போட்டிருக்கீங்க. எது சரி? எழும்பிக் கேட்டா ஏசுவீங்கன்னு பயமா இருக்கு. அதான் எழுதுறேன்.' அதற்கும் சரி. அதற்கும் கையெழுத்து.

அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினேன். அதே கேள்வியை அவள் விதம் விதமாக மாற்றி மாற்றிக் கேட்டிருந்தாள். ஒருநாள் படம் வரைந்து, ஒருநாள் கேத்தலும் கோப்பையும் வைத்து. பிறகு ஒரு நாள், பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வரி: 'டீச்சர், நீங்க இத வாசிக்கிறதுன்னா இன்னைக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீங்க.'

கீழே என் கையெழுத்து.

மறுநாளிலிருந்து கொப்பி முடியும்வரை எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகம்: 'இன்னைக்குப் பாடம் நல்லா விளங்கிச்சு. டீச்சருக்கு நன்றி.' அடிப்பாவி, அடிப்பாவி என்று வாய்விட்டு என்னையே திட்டினேன். பரீட்சை மண்டபத்தில் எத்தனை கணக்கில் கழிப்பதா வகுப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாளோ!

ஞாயிற்றுக்கிழமை கொப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளை இன்னொரு முறை எழுத வைக்க வேண்டும், கணக்கை நானே முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். இதுதான் எண்ணம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் படி ஏறுவதற்குள் அவள் அம்மா கண்டுவிட்டு ஓடி வந்தார். "ஆத்தாடி, டீச்சரா! வாங்க, வாங்க. ஏய், நாக்காலியத் தொடச்சுப் போடு." அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள்.

"வியாழக்கெழம கொழும்புக்குப் போறா டீச்சர்," என்றார் அம்மா. "அடுத்த லயத்துப் புள்ள நிக்கிற துணிக்கடையில ஆள் கேட்டாங்களாம்."

"வேணாங்க்கா. கணக்கு ஒண்ணுதானே. மறுபடி எழுதட்டும். நான் சொல்லிக் குடுக்கிறேன்."

அம்மா தலையாட்டிச் சிரித்தார். "நீங்க சொல்லிக் குடுக்காததா டீச்சர்? எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா ஒங்க கையெழுத்துத் தெரியும். மலையில கொழுந்தெடுத்துட்டு வந்ததும் மொத வேல, கொப்பியக் காட்டுடின்னு சொல்லுவேன். செவப்புல ஒங்க கையெழுத்தப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும். நாள் தவறாம இம்புட்டு அக்கறையாப் பாத்தும் ஏறாத மண்டையில இனி என்னத்த ஏறப்போகுது? அவளுக்கு அவ்வளவுதான். நான் மனசத் தேத்திக்கிட்டேன்."

எனக்குப் பொறிகலங்கிப் போனது. அவள் மக்கு என்பதற்கு அந்த அம்மாவிடம் இருந்த ஒரே சாட்சி என் கையெழுத்துத்தான். தேத்தண்ணியோடு அவள் வாசலில் நின்றாள். நான் சொல்லிவிட்டேன். "அக்கா, நான் வாசிக்கல. வாசிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். புள்ள ஒழுங்காத்தான் கேட்டிருக்கா. பிழையானதுக்கு நான் சரி போட்டிருக்கேன். தப்பு எம்மேலதான்."

அம்மா என்னையே பார்த்தார். பிறகு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடி," என்று மகளைப் பார்த்துச் சொன்னார். "ஒன்னய விட்டுக்குடுக்க மனசு வராம டீச்சர் பழியத் தம்மேல போட்டுக்கிறாங்க. இப்பிடி ஒரு மனசு யாருக்கு வரும்?"

கொப்பியை எடுத்து, மூலை மடித்து வைத்த பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினேன். "நீயே அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்மா. இந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கன்னு."

அவள் கோப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கொப்பியை வாங்கினாள். கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு, வகுப்பில் வாசிக்கிற குரலிலேயே வாசித்தாள்: "இன்னைக்குப் பாடம் நல்லா விளங்கிச்சு. டீச்சருக்கு நன்றி."

அந்தப் பக்கத்தில் இருந்தது அது இல்லை. அது கையெழுத்துப் போடாதீங்க என்று அவள் கெஞ்சிய பக்கம்.

"கேட்டீங்களா டீச்சர்," என்றார் அம்மா. "விளங்கிச்சின்னு அவளே எழுதியிருக்கா. விளங்கினத மண்டையில வச்சிருக்கணுமா இல்லையா? நீங்க ஏன் வருத்தப்படுறீங்க? சூடாறுது, குடிங்க."

நான் எழுந்து கொப்பியை வாங்கி உள்ளதை உள்ளபடி வாசித்திருக்கலாம். ஒரு வரிதான். வாய் வரை வந்தது. ஆனால் அந்த நேரம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அந்த அம்மா முன்னால் நான் இன்னும் நல்ல டீச்சர்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அவர் நம்பாவிட்டால் நான் என்ன செய்ய என்று மனசு சாக்குத் தேடிக்கொண்டது. தேத்தண்ணியைக் குடித்தேன். வியாழக்கிழமைப் பயணத்துக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு யோசனையும் சொன்னேன். வெட்கங்கெட்டவள்.

பஸ் ரோடு வரைக்கும் அவள் கூட வந்தாள். பாதி இறக்கத்தில் கேட்டேன். "ஏம்மா அப்பிடி வாசிச்ச? இருக்கிறத வாசிச்சிருந்தா அம்மா ஒன்னய மறுபடி எழுத விட்டிருப்பாங்களே."

ரோட்டுக்கு வந்ததும் அவள் கொப்பியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் என்னால் கொஞ்சம் தாங்கியிருக்க முடியும்.

"நான் மாத்தி வாசிச்சா, அது இல்லன்னு நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னாள். மேலே அவள் அம்மா இன்னும் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். வளைவில் பசறை பஸ் ஹோர்ன் அடித்தது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் நிற்க வேண்டும். நான் ஏறிவிட்டேன்.