நாலு விரல் உயரம்

ஆச்சரியப்படுவதில் எனக்கு வெட்கமே கிடையாது. ஓசூரில் ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. தலைமுடிக்கும் குறைவான வித்தியாசத்தைக் கண்டுபிடித்து 'இது ஆகாது' என்று ஓரமாகத் தள்ளிவைக்க வேண்டும். வருடக்கணக்காக இதையே செய்தும், அளவுக்கருவியில் முள் நகரும்போது இன்றைக்கும் என் கண் விரிந்துவிடும். கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள், செய்துகொள்ளட்டும். ஆனால் ஒரு டயரைப் பார்த்து வாயைப் பிளப்பேன் என்று நானே நினைத்ததில்லை.

டயர் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அஞ்செட்டிப் பக்கம், நாட்றாம்பாளையத்தையும் தாண்டி, என் வீட்டுக்காரருக்குக் காட்டோரமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அவருடைய அக்காதான் அதைப் பார்த்துக்கொள்கிறார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ராகியும் அவரைக்காயும் போட்டு, பால்மாடு வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் மதினி என்போம், இங்கே வந்து அண்ணி என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். ஓசூரில் எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டாம் நாளே மூச்சு முட்டுகிறது என்று பையைத் தூக்கிக்கொள்வார்.

அண்ணி வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு காட்டோடை ஓடுகிறது. அதன் நடுவில் குறுக்கே ஒரு பாறை. எங்கள் பழைய பிக்கப்பின் முன்சக்கரம் அதைத் தாண்டி இறங்கினால் வயிறு பாறையில் தட்டும். வெயில்காலத்தில் இருபுறமும் கல்லைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம். தண்ணீர் வந்தால் போட்ட கல்லையெல்லாம் ஓடை எடுத்துக்கொண்டு போய்விடும்.

போன வருடம் ஐப்பசியில் பெரிய மாட்டுக்குக் கன்று வயிற்றில் திரும்பிக்கொண்டது. அஞ்செட்டியிலிருந்து மாட்டு டாக்டரம்மா போனில், "அங்க வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க, எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துடுங்க" என்றார். மாட்டை ஏற்றிக்கொண்டு ஓடையில் இறங்கினோம். வண்டி பாறைமேல் உட்கார்ந்துவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. சுற்றிலும் தண்ணீர். மாடு வண்டியிலேயே, அண்ணியின் கையைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனது.

அன்றைக்கு அண்ணி அழவில்லை. பத்து நாள் கழித்து, சாணி அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "கிடேரி ஒண்ணு மிச்சம் இருக்குது. அதுக்கும் இப்பிடி ஆச்சுன்னா நெலத்தக் குத்தகைக்கு வுட்டுட்டு உங்ககூடவே வந்துர்றேன் தம்பி. இனிமே என்னால ஆவாது." கிடேரி அடுத்த ஐப்பசிக்குத் தலைச்சன் ஈனும் என்று தெரிந்ததும், என் வீட்டுக்காரர் "வண்டிய ஒசத்தணும்" என்றார்.

ஆவணியில் அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு டயர்க்கடைக்குப் போனோம். எல்லையைத் தாண்டிய உடனே வருகிற கடை. முதலாளி போனில் தெலுங்கு, வேலையாட்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூச்சுவிடாமல் மாறிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு டயர் சாய்ந்து நின்றது. என் இடுப்புயரம். அதன் பள்ளங்களில் என் விரல் கணு வரைக்கும் புதைந்தது. காற்றும் ரப்பரும் சேர்ந்து இத்தனை பெரிய உயிரற்ற பாதமாக நிற்கிறதே என்று மெய்யாகவே பிரமித்துப்போனேன். என் வீட்டுக்காரர் அதைத் தடவிக்கொடுத்த விதத்தைப் பார்த்தால், என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு பாசம் தெரியவில்லை.

"இதையே போட்டுரலாமா?" என்றார்.

முதலாளி சிரித்தார். "அண்ணா, இது போட்டா ஸ்டேரிங் ஒடிக்கிறப்ப மட்காடுல ஒரசும். ஒங்க இஞ்சின் வயசுக்கு மேட்டுல இழுக்காது. ஒரு சைஸ் மட்டும் ஏத்துங்க. மிச்சத்தப் பட்டையில பாத்துக்கலாம்."

பட்டை என்றால் வண்டிக்கு அடியில் வில்லாக வளைந்து அடுக்கடுக்காக இருக்கிற இரும்பு. பக்கத்து ஷெட்டில் இருந்த மெக்கானிக் அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். "ரெண்டு இன்ச்சு. அதுக்கு மேல தூக்கினா வளைவுல வண்டி ஆடும், அடியில ஜாயின்ட்டெல்லாம் கத்தும்" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் மூன்று கேட்டார், பிறகு இரண்டரை கேட்டார். காய்கறி வாங்குகிற மாதிரி இன்ச்சுக்குப் பேரம் பேசுகிற மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஏங்க, அவரு என்ன மனசு வராமலா கொறைச்சுக் குடுக்காரு?" என்று ஓர் அதட்டல் போட்டபிறகுதான் அடங்கினார்.

டயரும் பட்டையுமாகச் சேர்த்து வண்டி நாலு விரல் உயர்ந்தது. வெறும் நாலு விரல்! ஆனால் அதில் ஏறி உட்கார்ந்ததும், இத்தனை வருடம் பார்த்த ரோடு வேறு ரோடாக இருந்தது. வேலிகளுக்கு அந்தப்பக்கம் இருந்த ரோஜாத் தோட்டங்களும் பசுமைக் குடில்களும் தெரிந்தன. ஊருக்குப் போய்க் காய்ந்த ஓடையில் இறக்கினோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த 'டங்' சத்தத்துக்காகக் காத்திருந்தேன். டயர் பாறையின் விளிம்பில் பட்டது, உள்ளங்கைபோலக் குழிந்து அதைப் பிடித்தது, ஏறியது, இறங்கியது. சத்தமே வரவில்லை. கை தட்டிவிட்டேன். கரையில் நின்ற அண்ணி மட்டும், "தண்ணி வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடேரிக்கு வலி கண்டது. மதியம் தாண்டியும் பனிக்குடம் உடைந்ததோடு சரி, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. டாக்டரம்மா போனில் போன வருடம் சொன்னதையே சொன்னார். நாங்கள் அங்கேதான் இருந்தோம், வண்டியும் தயார். என் வீட்டுக்காரர் பிக்கப்பைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டு போய் மேட்டில் முட்டவைத்தார்.

அந்த மேட்டைப்பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து வீடுகளில் களத்தோரம் ஒரு மண்மேடு இருக்கும். சுற்றிலும் கல் அடுக்கி, மண் கொட்டி, மிதித்து இறுக்கியது. வண்டியை அதில் முட்டவைத்துப் பின்கதவை இறக்கினால், தரையில் நடப்பதுபோல மாடு நடந்து வண்டிக்குள் போய்விடும். அவரவர் வண்டிக்குத் தக்க உயரத்தில் அவரவர் மேடு. எங்களுடையது அந்தப் பழைய பிக்கப்புக்காகவே கட்டியது. வண்டியை உயர்த்திய பிறகு அதில் ராகி மூட்டைதான் ஏற்றியிருந்தோம். மூட்டைக்கு நாலு விரல் ஒரு பொருட்டா? பாறையை நினைத்தோம், தண்ணீரை நினைத்தோம், ஆர்.டி.ஓ. ஆபீசில் வாங்க வேண்டிய எஃப்.சி. வரைக்கும் நினைத்தோம். மேட்டை ஒருவரும் நினைக்கவில்லை.

கிடேரி மேட்டில் ஏறி வந்தது. பின்கதவின் விளிம்பைப் பார்த்தது, நின்றுவிட்டது. வலியில் இருக்கிற மாட்டுக்குக் கால் தூக்க முடியவில்லை. படிபோல இருக்கட்டும் என்று சாக்கை மடித்துப் போட்டோம். மிதித்தால் அமுங்குகிறது என்று அது பின்வாங்கியது. கயிற்றை இழுத்தால் முட்டி போட்டுப் படுக்கப் பார்த்தது. "படுத்துட்டா எழுந்திரிக்காது சாமி, இழுக்காத" என்று அண்ணி கத்தினார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பாறைக்கு முன்னாலேயே, வீட்டு வாசலிலேயே தோற்றுப்போகிறோமே என்று. "வண்டிய எறக்குங்க! கழட்டுங்க அந்தப் பட்டைய!" என்று அர்த்தமில்லாமல் கத்தினேன். என் வீட்டுக்காரர் ஆத்திரத்தில் வண்டிக்குள் தாவிக் குதித்து, உள்ளேயிருந்து கயிற்றைப் பிடித்தார். அப்போதுதான் பார்த்தேன். பின்கதவின் விளிம்பு ஒரு நூல் அளவு இறங்கியது. வேறு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது, என் கண்ணுக்குப் பட்டது. அதுதானே என் பிழைப்பு.

"ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க!" என்றேன்.

கூச்சல் கேட்டு வந்திருந்த அக்கம்பக்கத்தாருக்கு முதலில் புரியவில்லை. நானே போய் ஏறி, வண்டியின் பக்கப் பலகைமேல் பின்கோடியில் உட்கார்ந்தேன். பிறகு புரிந்துகொண்டார்கள். ஆணும் பெண்ணுமாக வந்து, மாட்டுக்கு நடுவில் வழி விட்டு, இரண்டு பக்கப் பலகைகளிலும் நெருக்கியடித்துக்கொண்டார்கள். ஒருவர் டயரில் கொஞ்சம் காற்றையும் இறக்கிவிட்டார். பட்டைகள் முனகின. வண்டி ஒவ்வொரு ஆளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. இரும்பும் ரப்பரும் சேர்ந்து ஒரு மாட்டுக்காக மண்டி போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. விளிம்பும் மேடும் ஒன்றானபோது கிடேரி குனிந்து முகர்ந்து, ஒரு காலை வைத்து, மறு காலையும் வைத்து உள்ளே வந்தது. எல்லாரும் சத்தம் போடாமல் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டார்கள். இறக்கிய காற்றைக் கைப்பம்பால் திரும்ப அடித்துக்கொண்டு கிளம்பினோம்.

ஓடையில் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, சக்கரத்தின் பாதிக்கு. அண்ணி பின்னால் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். பாறை தண்ணீருக்கு அடியில் இருந்ததால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. முன்பக்கம் எழும்பியது, ஒரு கணம் வானம் மட்டும் தெரிந்தது. பிறகு மெதுவாக இறங்கியது. பின்சக்கரம் எழும்பியது, அதுவும் இறங்கியது. எதிர்க்கரை ஏறி, தார் ரோட்டில் நின்றபிறகும் நான் ஸ்டியரிங் பிடித்திருந்த அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த மனுஷன்மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது.

அஞ்செட்டி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முழங்கைக்கு மேல் கையை உள்ளே விட்டு, மடங்கியிருந்த இன்னொரு காலைத் தேடிப் பிடித்து நிமிர்த்தினார். பிறகு எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது ஒரு பெண்கன்று. மூக்கைத் துடைத்து, வாயில் ஊதி, தேய்த்து, அது தும்மியபோது என்னால் தாங்க முடியவில்லை, ஓவென்று அழுதுவிட்டேன். தாய் திரும்பி நக்க ஆரம்பித்தது. கன்று பின்னங்காலில் எழுந்து விழுந்தது, மறுபடி எழுந்தது.

"இருட்டப் போவுது, ஓடையிலயும் தண்ணி ஓடுது. ராத்திரி மாடு இங்கயே ஷெட்டுல இருக்கட்டுங்க. நீங்க வேணும்னா தம்பிகூட ஓசூருக்குப் போயிட்டு, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார் டாக்டரம்மா.

அண்ணி தன் முந்தானையால் கன்றின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார்.

"ஓசூர்ல எனக்கு என்ன வேலை?" என்றார். "நான் ராத்திரிக்கு இதுங்ககூடப் படுத்துக்கறேன். காலையில வண்டியக் கொண்டா சாமி. வூட்டுக்குப் போலாம்."