ஓலை வாசித்தபோது எழுந்து நின்றவள்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில், சர்ச்சே நிசப்தமாக இருந்த ஒரு நேரத்தில், நான் மட்டும் எழுந்து நின்றேன்.

பெரிய காரணம் ஒன்றுமில்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பௌர்ணமி. செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டத்துக்காகத் தடுப்பு வைத்து, ஆட்டோ எதையும் விடவில்லை. கூட்டத்தை விலக்கி விலக்கி, வெயிலில் சர்ச் வரை நடந்தே போனோம். என் வயதுக்கும் எடைக்கும் அது கொஞ்சம் ஜாஸ்தி. பெஞ்சில் உட்கார்ந்து பாதி ஆராதனை ஆவதற்குள் கால் நரம்பு சுருட்டி இழுத்தது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்... எழுந்து காலை ஊன்றாவிட்டால் உயிரே போய்விடும். எழுந்துவிட்டேன்.

எழுந்த நேரம்தான் சரியில்லை.

எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அதை ஆராதனையில் அறிவிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் இப்போதே தெரிவிக்கலாம் என்று போதகர் வாசிப்பார். அவரை நாங்கள் ஐயர் என்று அழைப்போம். வாசித்துவிட்டு ஐயர் ஒரு விநாடி நிறுத்துவார். எல்லாம் சம்பிரதாயம்தான். என் ஆயுசில் யாரும் எழுந்து தடை சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த ஒரு விநாடியில் நாங்களெல்லாம் மதியத்துக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்போம்.

அந்த விநாடியில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஐயர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மைக்கிலேயே கேட்டார். "என்னம்மா... ஏதாவது சொல்லணுமா?"

வலியில் எனக்குப் பேச்சு வரவில்லை. முகம் கோணிக்கொண்டு போயிருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது ஆத்திரமாகத்தான் தெரிந்திருக்கும். மொத்த சபையும் திரும்பியது. ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஜெயசீலன் பாதி எழுந்து, கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். கட்டிய புருஷனுக்கே சந்தேகம்!

வாசித்தது பெனிட்டாவின் ஓலை, மூன்றாவது தடவையாக. பெனிட்டாவின் அம்மா விமலா எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளும் திரும்பினாள். என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

கும்பிட்டாள்... என்னை. என் கையால் எத்தனையோ நாள் சோறு வாங்கிச் சாப்பிட்ட விமலா. நான் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்த விமலா.

"கால் பிடிச்சுக்கிச்சு ஐயரே!" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். சபை கொல்லென்று சிரித்தது. ஐயரும் சிரித்தார். பக்கத்திலிருந்த பெண் குனிந்து என் காலை நீவிவிட்டாள். விமலா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கல்யாணப் பெண் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவள் என்னைப் பார்த்து ஏன் அப்படிப் பயந்தாள் என்கிறீர்களா? தேர்தல்தான் காரணம்.

உடனே அசெம்பிளி, பார்லிமென்ட் என்று போய்விடாதீர்கள். இது எங்கள் சபைக் கமிட்டி தேர்தல். செயலாளர் பதவிக்கு ஒரு பக்கம் என் வீட்டுக்காரர். இன்னொரு பக்கம் விமலாவின் வீட்டுக்காரர் மோசஸ். இரண்டு அணி. ஞானஸ்நானம் எடுத்த நாளோடு சர்ச் பக்கமே வராதவர்களையெல்லாம் வீடு தேடிப் போய் காரில் ஏற்றி வந்தோம். செத்துப்போனவர்கள் பெயரில் ஓட்டு விழுந்தது என்று அவர்கள் சொன்னார்கள். நாங்களும் அதையேதான் சொன்னோம். வாட்ஸப்பில் ஆடியோ பறந்தது. பிரியாணிகூட இருந்தது, வேறு எதைச் சொல்வது? இயேசுவே நேரில் வந்து நின்றிருந்தால், "நீங்க எந்த அணி?" என்றுதான் கேட்டிருப்போம்.

மோசஸ் ஜெயித்தார். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அப்புறம் பேப்பர் படிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. தோற்றவருக்கு இல்லாத கோபம் தோற்றவர் பெண்டாட்டிக்கு!

ஆனால் பாருங்கள், நான் கோபமாக இருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நியாயத்தின் பக்கம் நிற்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். விமலாவோடு பேச்சை நிறுத்தினேன். பெஞ்சை மாற்றினேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவள் ஜெபிக்க ஆரம்பித்தால் எனக்கு அவசரமாக போன் வரும். பரமண்டல ஜெபத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று ஒரு வரி வருமே, அந்த இடத்தில் மட்டும் எனக்குத் தொண்டை கரகரக்கும். இருமி முடிப்பதற்குள் சபை அடுத்த வரிக்குப் போய்விடும். இத்தனையும் செய்துவிட்டு, ஞாயிறு தவறாமல் காணிக்கையும் போட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான், சர்ச்சில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் நடத்தும் பாடம் உறைத்தது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனின் மனத்தாங்கல் ஞாபகம் வந்தால், காணிக்கையை அப்படியே விட்டுவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானம் ஆகச் சொல்கிறார் இயேசு. படம் வரைந்து காட்டி, கைதட்டச் சொல்லி நடத்தியிருக்கிறேன். அதே வகுப்பில் பெனிட்டாவும் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறாள்.

ஆனால் ஒன்றை நான் கவனிக்கவே இல்லை. அங்கே பேச்சு, எனக்கு அவன்மேல் உள்ள கோபத்தைப் பற்றி அல்ல. அவனுக்கு என்மேல் உள்ள குறையைப் பற்றி. விமலா எனக்குச் செய்ததையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

சாயந்திரம் கிளம்பினேன். வீட்டுக்காரர் தடுத்தார். "இப்பப் போவாத. காலையில ஒரு டிராமா, சாயந்தரம் ஒரு டிராமான்னு சொல்வாங்க."

"சொல்லட்டும்" என்று செருப்பை மாட்டினேன்.

பெனிட்டாதான் கதவைத் திறந்தாள். "வாங்க டீச்சர்" என்றாள். அந்த 'டீச்சர்' மாறவில்லை, பாவம். மோசஸ் வெளியே போயிருந்தார். விமலா தரையில் உட்கார்ந்து மகளின் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் போனாள். நான் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

"கால் எப்படிக்கா இருக்குது?"

"கால் கெடக்குது விடு. ஏன்டி என்னப் பாத்து அப்படிக் கும்பிட்ட? நான் போய் நம்ம பெனிட்டா கல்யாணத்த நிறுத்துவனா? என்னப் பாத்தா அப்படியா தெரியுது?"

பார்த்தீர்களா? கேட்கப் போனது மன்னிப்பு. கேட்டதோ நியாயம்!

விமலா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றாள்.

"நானா? என்னா சொன்னேன்?"

"ரிசல்ட் சொன்ன அன்னிக்கு, சர்ச் கேட்டாண்ட. 'உங்க வீட்லயும் ஒரு நல்லது நடக்கும்ல, அப்ப பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. அந்த வாரம்தான் மாப்ள வீட்டுக்காரங்க வந்து இவளைப் பாத்துட்டுப் போயிருந்தாங்க."

சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது என் பேச்சுதான். ஆத்திரம் வந்தால் நான் அப்படித்தான் பேசுவேன். பால்காரரிடமும் 'பாத்துக்கறேன்' என்பேன், கேஸ் ஏஜென்சியிலும் 'பாத்துக்கறேன்' என்பேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவேன். எனக்கு அது வாயிலிருந்து போன காற்று. பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த ஒரு தாய் அதை எடுத்துக்கொண்டு போய் மாசக்கணக்கில் மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"மொத ஞாயிறு ஓலை வாசிக்கறப்ப கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்" என்றாள் விமலா. "ரெண்டாவது வாரம் நீங்க வரல. உள்ள வந்ததும் உங்க பெஞ்சத்தான் பாத்தேன். நீங்க இல்லன்னதும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்க்கா. ஒருத்தவங்க சர்ச்சுக்கு வரலன்னு ஸ்தோத்திரம் சொல்றது தப்புதான். ஆனா சொன்னேன்."

ஜனங்கள் ஆலயத்துக்கு வர வேண்டும் என்று ஊரெல்லாம் போய் ஜெபிக்கிறவள் நான். நான் வராததற்கு ஒருத்தி ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"மன்னிச்சிடுடி விமலா. புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

"அய்யே, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. விடுங்க" என்றாள். உடனே காபி போடப் போய்விட்டாள்.

நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல.' நம் ஊரில் மன்னித்தவர்களும் இதைத்தான் சொல்வார்கள், மன்னிக்க முடியாதவர்களும் இதைத்தான் சொல்வார்கள். விமலா எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை என்று தோன்றியது. மன்னிப்பு கேட்பதுதான் நம் வேலை. எப்போது கொடுப்பது என்பது அவர்கள் பாடு.

திரும்பி வரும் வழியில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் பேனர். அசெம்பிளி தேர்தலில் ஒருவரை ஒருவர் கிழி கிழியென்று கிழித்த இரண்டு கட்சிக்காரர்களும் அந்த பேனரில் பக்கத்துப் பக்கத்தில் கும்பிட்டபடி சிரிக்கிறார்கள். மேடையிலும் அப்படித்தான் போஸ் கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்து, "இவனுங்களுக்கு வெட்கமே இல்லை" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. சண்டையை முடித்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அன்பைப் பற்றியே பாட்டுப் பாடுகிற எங்களுக்குத் தெரியவில்லையே.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் கிளம்பும்போது விமலா தெரு முனை வரை வந்தாள். என்னவோ சொல்ல வந்து, தயங்கி, அப்புறம் சொன்னாள்.

"கல்யாணத்தன்னிக்கு நீங்க பின்னால உக்காராதீங்கக்கா. முன்னால வந்து எங்கூட உக்காருங்க."

மனசு குளிர்ந்துபோனது. பாதித் தூரம் வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. தாலி கட்டுவதற்கு முன்னால், தடை சொல்ல யாராவது உண்டா என்று ஐயர் கடைசியாக ஒரு தடவை கேட்பார். அந்த நேரத்தில் என்னைப் பக்கத்தில் வைத்திருக்க நினைத்தாளோ? அக்கா என்ற பாசமா, முன்ஜாக்கிரதையா?

எதுவாக இருந்தால் என்ன... ஐயர் கேட்கும்போது அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும்.