வீல் கப்புக்குள்ள ஒரு சத்தம்

எனக்குக் கோவம் வந்தா வாய் சும்மா இருக்காது. என் காரைக் கொறை சொன்னா இன்னும் மோசம். அன்னிக்குச் சொன்னது வேற யாரும் இல்ல, எங்க வீட்டுக்காரரு.

பழைய காருதான். ஆனா முன்னெல்லாம் கருவாட்டுக் கூடையோட பஸ் ஏறுனா, கண்டக்டர்லேர்ந்து காலேஜ் பொண்ணு வரைக்கும் மூக்கைப் பொத்துவாங்க. பாதி வழியில எறக்கி விட்டதும் உண்டு. கார் வந்தப்புறம்தான் பொன்னேரி சந்தைக்கு நான் தலை நிமிந்து போறேன்.

மழைக்காலத்துல லைட்ஹவுஸ் குப்பத்து மணல்ல தேஞ்ச டயரு நின்ன எடத்துலயே சுத்தும். அதனால ஐப்பசி பொறக்குறதுக்குள்ள, ரிம்மோட எடுத்து வெச்சிருக்குற நல்ல சக்கரம் நாலையும் ஜாக்கி போட்டு நானே மாட்டிடுவேன். இந்த வருசமும் மாட்டுனேன். மறுநாளே பின்பக்கம் ஒரு சத்தம். மெதுவாப் போனா டொக், டொக்குன்னு கேக்குது. வேகம் எடுத்தா கப்சிப்.

"இன்ஜின் போச்சுமே. வித்துட்டு என் மீன்புடி போட்டுக்கு மோட்டார் வாங்கலாம்"னாரு வீட்டுக்காரரு.

"இன்ஜின் முன்னாடி இருக்குதுய்யா, சத்தம் பின்னாடி வருது!"

எங்க கேட்டாரு? திருப்பாலைவனத்துல பழைய கார் வாங்குற ஒருத்தருக்கு போன் போட்டு, ஞாயித்துக்கெழம வந்து பாக்கச் சொல்லிட்டாரு. மறுபடியும் அந்தக் கண்டக்டர் மூஞ்சியையா பாக்கணும்? மெக்கானிக்கைக் கேட்டா, "பேரிங்கா இருக்கும்க்கா, நாலு நாள் வண்டியை விடுங்க"ன்னாரு. நாலு நாளுக்கு நான் எங்க போறது? ஞாயித்துக்கெழமைக்கு ஒரு நாள்தான் பாக்கி.

சனிக்கெழம காலையில என் சிநேகிதி வந்தா. ஏரியில முட்டிபோட்டு, கலங்கல் தண்ணியில கையாலயே தடவி இறால் புடிக்கிறவ. காரைப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது. "யக்கா, நீ மெதுவாத் தள்ளு, நான் தொட்டுப் பாக்குறேன்"னா. நான் தள்ள, அவ குனிஞ்சபடியே கூட நடந்து, ஒவ்வொரு சக்கரமா உள்ளங்கையை வெச்சா. வலது பக்கம் பின்சக்கரத்துல, "இதுதான்! உள்ள ஏதோ மேலேர்ந்து கீழ வுழுது"ன்னு கத்துனா.

சக்கரத்தோட நடுவை மூடியிருக்குற வீல் கப்பை நெம்புனேன். ஒரு ஈயக்குண்டு உருண்டு வந்து மணல்ல விழுந்துச்சு. வலையோட அடிக்கயிறுல கட்டுற ஈயம். மெதுவாச் சுத்துனாதான் அது உருண்டு வுழும், வேகத்துல கப்பு ஓரத்துலயே ஒட்டிக்கும். நாலு நட்டு இருக்க வேண்டிய எடத்துல மூணுதான் இருந்துச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு நான் சக்கரம் மாட்டுறப்போ, அவரு பக்கத்துல குந்திக்கினு வலைக்கு ஈயம் கட்டிக்கினு இருந்தாரு. மல்லாத்தி வெச்ச வீல் கப்புல நான் நட்டைப் போட்டேன், அவரு ஈயத்தைப் போட்டாரு. கடைசி சக்கரத்துல மூணு நட்டு முறுக்கியிருப்பேன், சடசடன்னு தூறல். எங்க குப்பத்துல தூறல் விழுந்தா, சோத்துல வெச்ச கையை எடுத்துட்டாவது காயுற கருவாட்டை அள்ள ஓடுவோம். நானும் ஓடுனேன். திரும்பி வந்து, எல்லாம் முறுக்கியாச்சுன்னு நெனச்சு, கப்புக்குள்ள பாக்காமயே அடிச்சு மாட்டிட்டேன். புத்தி கெட்டவ! மூணு நட்டுல மூணு நாளா ஓட்டியிருக்கேன்.

"ஈயம் இங்க இருக்குது. அப்போ நட்டு எங்க?"ன்னா சிநேகிதி.

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தோம். ஓடுனோம் கரைக்கு.

எங்க போட்டு அப்பதான் கரை ஏறுச்சு. எறக்குன வலையை நான் ஒரு முனையில, அவ ஒரு முனையில புடிச்சு அடிக்கயிறைத் தடவிக்கினே வந்தோம். "இன்னாமே ஆச்சு உங்களுக்கு?"ன்னாரு வீட்டுக்காரரு. பாதி வலை தாண்டல, சிநேகிதி கையைத் தூக்கிக் காட்டுனா. வரிசையா ஈயம், நடுவுல துரு புடிச்ச என் வீல் நட்டு. ஓட்டையில நூலைக் கோத்து, அழகா அவரு போடுற அதே முடிச்சு.

கரையில இருந்தவங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே! "இன்ஜினை கடலுக்கே எடுத்துக்கினு போயிட்டியா?"ன்னு அவரைப் புடிச்சு ஒரே கலாட்டா. அவரு போன்ல பேசிக்கினே கட்டியிருப்பாரு, கண்ணால எங்க பாத்தாரு? நானும் விடல. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் வெச்சு வாங்குனேன். அவரு கத்தியால முடிச்சை அறுத்து, மண்ணெண்ணெய்ல நட்டைக் கழுவி, அவரே குனிஞ்சு முறுக்குனாரு.

ஞாயித்துக்கெழம திருப்பாலைவனத்துக்காரரு வந்தாரு. மெதுவா ஓட்டிப் பாத்தாரு, வேகமா ஓட்டிப் பாத்தாரு. "சத்தமே இல்லியே, நல்லாத்தான இருக்குது. எடுத்துக்கிறேன்"னாரு. பாவி, நானே சரி பண்ணி நானே தூக்கிக் குடுக்கப் போறேனான்னு வாசல்லயே நின்னேன்.

வீட்டுக்காரரு அவரு கையிலேர்ந்து சாவியை வாங்குனாரு. "தப்பா நெனச்சுக்காதீங்க, விக்கிறதுக்கில்ல. நாளைக்கு எங்க வீட்டுல சந்தைக்குப் போவணும்"னு சொல்லிட்டு, சாவியைக் கொண்டாந்து என் கையில வெச்சாரு.

நேத்தெல்லாம் ஓயாத என் வாய், "சோறு ஆறுது, வாய்யா"ன்னு மட்டும் சொல்லுச்சு.