அளக்கும்போது கேட்ட குரல்

ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் இவற்றுக்கென்றே வடக்கே ஒரு பெரிய நகரத்தில் வருஷா வருஷம் விழா நடக்கும். எழுபதுகளின் கடைசியில் அது என் படங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. மூன்றாவது முறை உள்ளே போயே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, ஜவ்வாது மலையில் சாமை அறுவடையைப் படமாக்கினேன். இருபது நிமிஷப் படம். வர்ணனை என் குரல். அந்தக் குரல் மேல் எனக்குக் கொஞ்சம் மயக்கம் உண்டு, மறைப்பானேன்.

பிரிண்ட் கைக்கு வந்தபோது விழாவுக்கு அனுப்ப ஒரு வாரம் இருந்தது. படத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். புரொஜக்டரையும் ஜெனரேட்டரையும் ஜீப்பில் ஏற்றி, படம் எடுத்த மலைக்கிராமமான புதூர்நாட்டுக்குப் போனேன். ஞாயிறு மத்தியானம் பள்ளிக்கூடத்து ஜன்னல்களைக் கம்பளியால் அடைத்துப் படத்தை ஓட்டினோம். தங்கள் மாடு திரையில் வந்ததும் ஒரே சிரிப்பு. களத்தில் சாமையை மரக்காலால் அளக்கும் இடம் வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. அந்தக் களத்துக்குச் சொந்தக்கார அம்மா எழுந்தார்.

“அளக்கறப்போ யாருங்க நடுவுல பேசறது?”

“நான்தாங்க.”

“அன்னிக்கி நீங்க வாயே தொறக்கலயே. இப்ப இன்னாத்துக்குப் பேசறீங்க?”

சுருக்கென்றது. அங்கே தானியம் அளக்கும்போது களத்தில் யாரும் பேசமாட்டார்கள். அளப்பவர் மட்டும், ஒன்று என்பதற்குப் பதில் ‘லாபம்’ என்று தொடங்கி எண்ணுவார். வேறு பேச்சு விழுந்தால் விளைச்சல் தங்காது. படம் எடுத்த அன்று நானும் கேமராக்காரரும் கையசைத்தே வேலை பார்த்தோம். அப்புறம் சென்னையில் ஒலிப்பதிவு அறைக்குள் உட்கார்ந்து, அதே இடத்தின் மேல் மழையளவு, மண்வகை என்று பொரிந்து தள்ளியிருக்கிறேன்.

“வெளியூர்க்காரங்களுக்குப் புரிய வேணாங்களா?” என்றேன்.

“அளக்கறது கண்ணுக்குத் தெரியுது இல்ல? எங்க களத்த இப்படிக் காட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மலையிறங்கும்போது கோபம் கோபமாக வந்தது. முதலில் அவர் மேல், பிறகு என் மேல். ஒரு வாரத்தில் வேறு பிரிண்ட் எடுக்க வழியில்லை. இதையே அனுப்பினால் அவருக்குத் தெரியவா போகிறது? திருப்பத்தூர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். அந்த வருஷம் அனுப்பவில்லை.

ஒலியை மறுபடி கலந்தேன். அளக்கும் இடத்தில் என் குரலை நானே வெட்டியது பல் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் விழா படத்தை எடுத்துக்கொண்டது. அரங்கில் களம் வந்தது, வர்ணனை நின்றது. திரையில் சாமையைச் சத்தமில்லாமல் குவித்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, பின்வரிசையில் “சவுண்ட், சவுண்ட்” என்று கத்தல். கேபினுக்கு ஓடினேன். ஆபரேட்டர் பதறிப்போய்ப் படத்தை நிறுத்தக் கையை நீட்டியிருந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். விளக்கம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

திரையில் முதல் மரக்கால் சரிந்தது. ‘லாபம்’ என்றார் அளப்பவர். அதற்குப் பிறகு அரங்கில் ஒருவரும் பேசவில்லை.