தேங்காய் நின்னும் தண்ணி இல்லேன்னேன்

கொரோனாவுல நின்ன பஸ்ஸெல்லாம் மறுக்கா ஓட ஆரம்பிச்சப்பத்தான் பல்லடத்துலிருந்து மக கூப்பிட்டாளுங்க. "தென்னையெல்லாம் காயுதுங்கப்பா, தண்ணிக்குப் போர் போட எடம் பாக்க வாங்க."

எனக்குப் பயம். மொதல்ல என்ற வெள்ளாமைக் காட்டுல, நீரோட்டம் பாக்க உள்ளங்கையில படுக்க வெச்ச தேங்காய் எந்திரிச்சு நின்ன எடத்துல போர் போட்டேன், தண்ணி பீச்சியடிச்சுது. அப்பறம் பாக்கற எடமெல்லாம் தண்ணியாவே தெரிஞ்சுதுங்க. தம்பி காட்டுலயும் தேங்காய் நின்னுதுன்னு தெகிரியமா எடங்காட்டுனேன், வெறும் புழுதிதான் வந்துது.

மக காட்டுல தேங்காய் நின்னும், "தண்ணி இல்லே அம்மணி"ன்னுபோட்டேன்.

"ஏனுங்கப்பா, புழுதி வந்தது சித்தப்பா காட்டுல. இது என்ற காடு"ன்னு சொல்லி, போர் வண்டிய வரச்சொல்லிப்போட்டா.

தண்ணி மூஞ்சியில அடிச்சப்பத்தான் எனக்கு உசுரே வந்துதுங்க.

தம்பி இன்னும் மறு போர் போடப் பயந்துட்டிருக்கான். நாஞ் சொன்னாக் கேக்கமாட்டான், நீங்க சொல்லிப்போடுங்க.