மீன் பெட்டியில் அஞ்சு பாட்டில் மருந்து

கவுண்டர் கண்ணாடி மேல கூடையை டம்முன்னு போட்டதும் உள்ளே இருந்த இருமல் மருந்து பாட்டிலெல்லாம் ஆடிப்போச்சு. தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப் ஒண்ணில் இருபத்தெட்டு வருஷம் பார்மசிஸ்டா நின்னவ நான், ரீட்டா. எத்தனையோ சண்டை பார்த்திருக்கேன். அப்படி ஒண்ணு பார்த்ததில்ல.

கூடைக்காரி, காசிமேட்டில் மீன் விற்கும் கன்னியம்மா. அவ மக பவானிக்குப் பத்தொன்பது வயசு. நாலே நாளில் காலும் கையும் விழுந்து, மூச்சுத் திணறி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தா. எழுதிக் கொடுத்தது இம்யூனோகுளோபுலின்னு நரம்பில் ஏத்துற மருந்து, அன்னிக்கு மட்டும் அஞ்சு பாட்டில். மதியத்துக்குள்ள ஏத்த ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். கூட மீன் விற்கிற பொம்பளைங்க கம்மலை அடகு வெச்சுப் பணம் சேர்த்து, ஒரு கூட்டமாவே வந்திருந்தாங்க. நான் விலையைச் சொன்னேன்.

"இன்னாது? ஒரு பாட்டிலுக்கா? உசுரு போவ சொல்ல வந்து நின்னா கொள்ளையடிக்கிறீங்களா?"ன்னு கன்னியம்மா கத்தினா.

எனக்கு மூக்குக்கு மேல கோவம். "விலையை நானா போட்டேன்? பாட்டிலைப் பாரு, எம்.ஆர்.பி. அச்சடிச்சிருக்கு!"

அவங்களைக் கூட்டிட்டு வந்த ஆட்டோக்காரர் சேகர் அமைதியா கேட்டார். "அத வுடுக்கா. ஒங்க கடைக்கு இன்னா வெலைக்கு வருது? அத சொல்லு."

அச்சடிச்ச விலையில் ஏறக்குறைய பாதிக்குத்தான் எங்களுக்கு வரும். கல்லாவில் இருந்த ஓனர் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஷட்டரை இழுத்து மூடிடலாமான்னு பார்த்துக்கிட்டிருந்தார்.

"ஏம்மா, வர்ற விலைக்கே குடுத்து அனுப்பிரு"ன்னார்.

கூட்டம் அடங்கும்னு நினைச்சார் பாவம். இன்னும் பத்திக்கிச்சு. "அப்போ இத்தினி நாளா எங்க வயித்துல அடிச்சுக்கினு இருந்தீங்களா?" வெளியே இருந்து ஒரு கல் போர்டு மேல வந்து விழுந்துச்சு. அவங்க கேட்டதில் தப்பே இல்ல, இப்ப சொல்றேன். அப்ப, போய்த் தொலைங்கன்னுதான் தோணுச்சு. பிரிட்ஜைத் திறந்து அஞ்சு பாட்டிலையும் கவரில் போட்டு நீட்டினேன்.

ஆட்டோ போன பிறகுதான் கவுண்டரில் கிடந்த ஜெல் பேக், அதான் பிரிட்ஜில் குளிர வெச்ச பை, கண்ணில் பட்டுச்சு. அதைத் துணியில் சுத்தி, மருந்தோட வெச்சுக் கொடுக்கணும். இந்த மருந்துக்குக் குளிர்ச்சி வேணும், ஆனா உறையவே கூடாது. உறைஞ்சா கெட்டுடும், ஏத்தினா ஆபத்து. வாங்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணு தடவை சொல்றவ, அன்னிக்குச் சொல்லல.

வாசலில் இருந்த பூக்காரம்மா எனக்கு ஆறுதல் சொன்னா. "இன்னாத்துக்கு பேஜாரு? கன்னிம்மா கெட வுடுமா? ஐஸ நல்லா நொறுக்கி, கல்லுப்பு போட்டு, ஆட்டோல இருந்த மீன் பொட்டில பொதைச்சு வெச்சுக்கினு போச்சு."

உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸை விட அதிகமா குளிரும். மருந்தை உறைய வைக்க இதை விட நல்ல வழி கிடையாது. "அண்ணாச்சி, ஸ்கூட்டரை எடுங்க!"

ஆஸ்பத்திரிக்குப் போற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. ஹார்பர் பக்கம் போற கூட்ஸ் வண்டி நகரவே இல்ல. தினம் நான் திட்டித் தீர்க்கிற கேட்டை அன்னிக்குக் கும்பிட்டேன். ஆட்டோ முன்னால நின்னுக்கிட்டிருந்துச்சு.

"மிச்ச துட்ட புடுங்க வந்துட்டாங்கப்பா!" சேகர் குறுக்கே வந்து நின்னார். கன்னியம்மா பெட்டியை மடியில் இழுத்துக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

"பணம் வேணாம்டி! மருந்து உறைஞ்சா உன் பொண்ணு பிழைக்க மாட்டா. பெட்டியைத் திற!"

"மீனே கெடாத ஐஸுல மருந்து கெட்டுப்பூடுமா? யார்கிட்ட கத வுடற?"

எனக்கு அழுகையே வந்துடுச்சு. அண்ணாச்சி ஸ்கூட்டர் சாவியை உருவி சேகர் கையில் வெச்சார். "தம்பி, வண்டியை நீங்களே வச்சுக்கிடுங்க. பெட்டியை மட்டும் திறக்கச் சொல்லுங்க."

சேகர் சாவியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "தொறந்துடுக்கா"ன்னு கன்னியம்மாகிட்ட சொன்னார்.

நாலு பாட்டில் தப்பிச்சுது. சாய்ச்சுப் பார்த்தேன், தண்ணியா ஓடிச்சு. அடியில் கிடந்த அஞ்சாவதில் மெல்லிசா ஐஸ் பிடிச்சிருந்துச்சு.

"உருகிப்பூடும்ல?" கன்னியம்மா கெஞ்சினா.

"உருகினாலும் ஆகாது கன்னியம்மா."

கடையில் இன்னும் ஒண்ணு இருக்குன்னு அண்ணாச்சி சாவியைத் திரும்ப வாங்கிக்கிட்டுப் பறந்தார். அதுக்கு அவர் காசு கேட்கல. நான் நாலு பாட்டிலையும் ஜெல் பேக்கோட துணியில் சுத்தி மடியில் வெச்சுக்கிட்டு, கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஆஸ்பத்திரி வரைக்கும் அவ என்னைத் திரும்பிப் பார்க்கல.

ரெண்டு மாசம் கழிச்சுப் பவானி, அவ அம்மா தோளைப் பிடிச்சு நடந்து கடைக்கு வந்தா. மனசு நிறைஞ்சு போச்சு. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "கேட்டாண்ட அவ்வளவு கத்தினேனே, ஏன்டி நம்பல?"ன்னு கன்னியம்மாவைக் கேட்டேன்.

"வெலய சொன்னப்பவே காது அடச்சுப்பூச்சு ரீட்டாம்மா. அப்பால நீ இன்னா சொன்னாலும் துட்டுக்குத்தான்னு தோணுச்சு."

கவுண்டருக்குப் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். மருந்தை எப்படி எடுத்துட்டுப் போகணும், எதில் வைக்கக் கூடாதுன்னு முதல்ல சொல்லுங்க. திருப்பிச் சொல்ல வைங்க. விலையைக் கடைசியாச் சொல்லுங்க, ஏன்னா அதுக்கப்புறம் அவங்களுக்கு எதுவும் காதில் விழாது.